"கௌரவ மெம்பர் தானேம்மா, ஒரு கையெழுத்து போடுங்க": சபை நிதிக் குழுவுக்கு அழைப்பு வந்த சகோதரிக்கு ஒரு வக்கீலோட பதில்

தென்மாவட்டத்துல இருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. ஊரு, பேரு, எந்த சபைங்கறத எல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன். வயசு 47. மத்திய அரசு ஆபீஸ் ஒன்னுல அக்கவுண்ட்ஸ் பிரிவு, 23 வருஷ சர்வீஸ். ஞாயிறு பள்ளில பாட்டு சொல்லிக்கொடுத்ததுல ஆரம்பிச்சு பெண்கள் ஐக்கிய சங்கம், சேகர (ஒரு போதகருக்கு கீழ வர்ற சபைகள்) கமிட்டி, அசன பண்டிகைக்கு (சபையே சேர்ந்து சாப்பிடற விருந்து) அரிசி பருப்பு கணக்கு எழுதறது வரைக்கும் சபைல அவங்க பார்க்காத வேலை இல்ல. வீட்டுக்காரர் திருமண்டல (ஒரு பேராயருக்கு கீழ வர்ற சபை வட்டாரம்) நிர்வாகத்துல இருக்கற எய்டட் ஸ்கூல்ல வாத்தியார். மக பிளஸ் டூ, நீட்டுக்கு படிச்சிட்டு இருக்கா, சபை ஸ்பான்சர்ஷிப்ல மெடிக்கல் சீட் கிடைச்சா நல்லாருக்குமேன்னு மனசுல ஒரு ஆசையும் இருக்கு.

போன மாசம் ஆராதனை முடிஞ்சதும் ஐயர் (சபை போதகர்) தனியா கூப்பிட்டு, "அகில இந்திய நிதிக் குழுவுக்கு உங்க பேரு போயிருக்கும்மா, கௌரவ உறுப்பினர், சம்பளம் கிடையாது, வருஷத்துக்கு நாலு தடவை சென்னைல மீட்டிங், டிக்கெட் காசு அவங்களே குடுத்துருவாங்க"ன்னு சொல்லியிருக்கார். இவங்க யோசிச்சு சொல்றேன்னு சொல்றதுக்குள்ள அடுத்த ஞாயிறு நோட்டீஸ் வாசிக்கும்போதே அறிவிச்சுட்டார், சபையும் கை தட்டிருச்சு. அப்புறம் தலைமை ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் வந்திருக்கு: சம்மத கடிதத்துல கையெழுத்து, பான் கார்டு, ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்புறம் "டிஜிட்டல் சிக்னேச்சர் எடுக்கணும், ஓடிபி வரும், சொல்லிருங்க".

இதுக்கு நடுவுல யூடியூப்ல சபை கேஸ் வீடியோ பார்த்து பயம். வேண்டாம்னு சொன்னா பைபிள் உவமைல வர்ற வேலைக்காரன் மாதிரி, கர்த்தர் குடுத்த தாலந்த மண்ணுல புதைச்ச கதை ஆயிருமோன்னு இன்னொரு பயம். கடைசில கேட்டிருக்காங்க: "சம்பளம் வாங்காம செய்யற ஊழியத்துக்கு சட்டப்படி ஏதாவது பொறுப்பு வருமா? சபை விஷயத்துல அரசாங்கம் தலையிட முடியாதுன்னு சொல்றாங்களே? ஏதாவது தப்பா தெரிஞ்சா ராஜினாமா பண்ணிட்டா போச்சு தானே?"

சிஸ்டர், மூணு கேள்விக்கும் பதில் நீங்க எதிர்பார்க்கறது இல்ல. அதுக்காக போகாதீங்கன்னும் நான் சொல்ல வரல. மதுரை பெஞ்ச்ல ப்ராக்டீஸ் பண்றதால தென்மாவட்ட சபை கேஸ் நிறைய பார்த்துட்டேன், அதுல மாட்டினவங்கள்ல பாதி பேர் கெட்டவங்க இல்ல, என்ன நாற்காலில உக்காரறோம்னு கேக்காம உக்காந்தவங்க. அதனால உங்க கேள்வி வரிசைய விட்டுட்டு நான் வேற எடத்துல ஆரம்பிக்கறேன்.

அந்த வாட்ஸ்அப் லிஸ்ட்ட மறுபடி படிங்க

கணக்கு பார்த்து யோசனை சொல்ற ஒரு கமிட்டி மெம்பருக்கு எதுக்கு டிஜிட்டல் சிக்னேச்சர்? எனக்கு உங்க நாலு பக்கத்துல உறுத்தினது இந்த ஒரு வரி தான், நீங்க அத போற போக்குல எழுதிட்டு போயிருக்கீங்க. பான், ஆதார், போட்டோ, டிஜிட்டல் சிக்னேச்சர், சம்மத கடிதம் இந்த அஞ்சும் சேர்ந்து வந்தா பெரும்பாலும் அதுக்கு ஒரே அர்த்தம், உங்கள ஏதோ ஒரு கம்பெனில டைரக்டரா போடப் போறாங்க. டைரக்டர் அடையாள எண் எடுக்கறதுக்கு கேக்கற பேப்பர்ஸ் தான் இது. சம்மத கடிதத்தோட தலைப்புல டிஐஆர்-2ன்னு (டைரக்டரா இருக்க சம்மதம்னு எழுதிக் குடுக்கற படிவம்) போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா சந்தேகமே வேண்டாம்.

சபைல எங்க இருந்து கம்பெனி வந்துச்சுன்னு கேப்பீங்க. உங்க சபைய சொல்லாம எல்லாருக்கும் தெரிஞ்ச சிஎஸ்ஐய (தென்னிந்திய திருச்சபை) வச்சு சொல்றேன். 1947 செப்டம்பர் 27 அன்னிக்கு சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் பாரம்பரியங்கள்ல வந்த சபைகள் ஒன்னா சேர்ந்து உருவானது சிஎஸ்ஐ. ஆராதனை, குருவானவர், பேராயர், சேகரம், திருமண்டலம், சினாட்ங்கற தலைமை மன்றம் இது ஒரு பக்கம். ஆனா பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் கட்டின நெலம் இதெல்லாம் யாரோ ஒருத்தர் பேர்ல பத்திரத்துல இருக்கணும்ல, அதுக்குன்னே அதே 1947ல சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன்னு லாப நோக்கம் இல்லாத ஒரு கம்பெனிய பதிவு பண்ணாங்க. இப்ப கம்பெனி சட்டத்துல பிரிவு 8 கம்பெனின்னு சொல்றோமே அந்த வகை. இதே மாதிரி சொத்துக்கு ஒரு கம்பெனி, சமூக சேவைக்கு ஒரு சொசைட்டி, ஆஸ்பத்திரிக்கு ஒரு டிரஸ்ட்னு தனித்தனியா வச்சிருக்கற சபைகள் இந்தியால நிறைய. கும்பிடற இடம் ஒன்னா இருந்தாலும் சட்டத்தோட கண்ணுக்கு அது மூணு நாலு வேற வேற ஆளு.

அதனால நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, "என்னைய எந்த அமைப்புல, என்ன பதவில போடறீங்க?" யோசனை சொல்ற குழுவா, ஓட்டு போட்டு தீர்மானம் நிறைவேத்தற நிர்வாகக் குழுவா, இல்ல கம்பெனி போர்டா. மூணுக்கும் டீ பிஸ்கட் ஒன்னு தான், ரூம் கூட ஒன்னு தான் சிஸ்டர், சில சமயம் காலைல கமிட்டியா உக்காந்த அதே ஆளுங்க மத்தியானம் போர்டா மாறிடுவாங்க, மினிட்ஸ் புக்கு மட்டும் மாறும். கையெழுத்து போடறவங்களுக்கே அது தெரியாது.

ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்க. டிஜிட்டல் சிக்னேச்சர்ங்கறது உங்க கையெழுத்தே தான், அத பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன்ல போட்டு "ஆபீஸ்லயே இருக்கட்டும்மா, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்"னு சொல்வாங்க, ரொம்ப அன்பா தான் சொல்வாங்க. வெத்து செக்புக் எல்லாத்துலயும் கையெழுத்து போட்டு குடுக்கறதுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல, 23 வருஷம் அக்கவுண்ட்ஸ்ல இருக்கற உங்களுக்கு நான் இத விளக்க வேண்டியதில்ல.

சம்பளம் இல்லன்னா பொறுப்பும் இல்லையா?

இருக்கு. சட்டம் நீங்க சம்பளம் வாங்கினீங்களான்னு கேக்கறதில்ல, முடிவெடுக்கற எடத்துல இருந்தீங்களா, தெரிஞ்சுதா, தெரிஞ்சிருக்கணுமான்னு தான் கேக்கும். கம்பெனி சட்டம் 2013ல பிரிவு 166 டைரக்டரோட கடமைய சொல்லுது, நியாயமான கவனத்தோட, சுயமா யோசிச்சு நடந்துக்கணும், தனக்கும் தன் உறவுக்காரங்களுக்கும் தகாத லாபம் தேடக் கூடாதுன்னு. கௌரவ டைரக்டர்னு அதுல தனியா விலக்கு கிடையாது. ஆனா பயமுறுத்தறதுக்காக சொல்லல, அதே சட்டத்துல 149ஆம் பிரிவுல 12ஆவது உட்பிரிவுன்னு ஒன்னு இருக்கு, அன்றாட நிர்வாகத்துல இல்லாத டைரக்டர், போர்டு வழியா தன் கவனத்துக்கு வந்து, தான் சம்மதிச்சு நடந்த விஷயத்துக்கோ, கவனம் இல்லாம விட்ட விஷயத்துக்கோ தான் பொறுப்புன்னு சொல்லுது. ஒழுங்கா கேள்வி கேட்டு, அத மினிட்ஸ்ல ஏத்தி வச்சவங்கள காப்பாத்தறதும் இந்த பிரிவு தான். தூங்கினவங்கள காப்பாத்தாது.

எங்கிட்ட வந்த ஒரு பெரியவர், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், 74 வயசு. ஒரு சபை அமைப்புல கௌரவ உறுப்பினரா மொத்தம் மூணே மீட்டிங் போயிருக்கார். அதுல ஒரு மீட்டிங்ல ஒரு நெலத்த நீண்ட கால குத்தகைக்கு விட தீர்மானம் போட்டிருக்காங்க, இவர் அப்ப சாப்பாட்டுக்கு கை கழுவ போயிருந்தேன்னு சொல்றார், இருக்கலாம். ஆனா வருகைப் பதிவேட்டுல காலைல போட்ட கையெழுத்து இருக்கு, மினிட்ஸ்ல "ஏகமனதாக"ன்னு இருக்கு. சபை ஆட்கள் போட்ட வழக்குல அவர் 17ஆவது எதிர்மனுதாரர். ஜெயிலுக்கெல்லாம் போகல, பயப்படாதீங்க, ஆனா ரெண்டு வருஷமா வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வர்றார்.

அரசாங்கம் தலையிட முடியாதுன்னு சொல்றாங்கல்ல, அது பாதி உண்மை. அரசியல் சாசனம் 26ஆவது பிரிவு மத விஷயங்கள தாங்களே நடத்திக்கற உரிமைய குடுக்குது, சரி. ஆனா சொத்த நிர்வகிக்கற உரிமைய சொல்ற எடத்துல "சட்டத்தின்படி"ன்னு ஒரு வார்த்தையும் சேர்த்து தான் குடுக்குது. திருவிருந்து எப்படி குடுக்கணும்ங்கறதுல கோர்ட் மூக்க நுழைக்காது, கணக்கு எப்படி வச்சிருக்கீங்கன்னா நுழைக்கும். பொது டிரஸ்ட்ல முறைகேடுன்னா சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவுல, அந்த டிரஸ்ட்ல அக்கறை உள்ள ரெண்டு பேர் சேர்ந்து கோர்ட் அனுமதி வாங்கி வழக்கு போடலாம். நம்பிக்கை மோசடின்னா பாரதிய நியாய சன்ஹிதா 316 இருக்கு. 2024 ஏப்ரல்ல சென்னை ஹைகோர்ட் சிஎஸ்ஐ நிர்வாகத்த பார்த்துக்க ரெண்டு ஓய்வு பெற்ற நீதிபதிகள நியமிச்சு உத்தரவு போட்டது பேப்பர்ல படிச்சிருப்பீங்க, அப்புறம் அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. யார் பக்கம் நியாயம்ங்கறது எனக்கு இங்க முக்கியம் இல்ல, "சபை விஷயம், வெளிய யாரும் கேக்க முடியாது"ங்கற பேச்சு எவ்ளோ தூரம் நிக்கும்னு காட்டத்தான் சொல்றேன்.

ராஜினாமா பத்தி ஒரே வரில: ராஜினாமா பண்ணா அன்னிக்குப் பிறகு நடக்கறதுக்கு தான் நீங்க பொறுப்பு இல்ல, பதவில இருந்தப்ப நடந்தது கூடவே வரும்.

உங்க ஆபீஸ்: இத தான் நீங்க யோசிக்கவே இல்ல

ஞாயித்துக்கிழமையும் லீவு நாள்லயும் தானே போறேன், ஆபீஸுக்கு என்னன்னு எழுதியிருக்கீங்க. சிஸ்டர், மத்திய அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் 1964 லீவு நாள்லயும் பொருந்தும். அதுல 15ஆவது விதிய எடுத்து ஒரு தடவை நிதானமா படிங்க. சம்பளம் இல்லாத சமூக, தர்ம காரியம்னா ஆபீஸ் வேலை கெடாத வரைக்கும் முன் அனுமதி தேவையில்ல. பதிவு பண்ண ஒரு தர்ம சொசைட்டியோட நிர்வாகத்துல பங்கெடுத்தா, தேர்தல்ல ஜெயிச்சு வர்ற பதவியா இல்லாத பட்சத்துல பரவால்ல, ஆனா ஒரு மாசத்துக்குள்ள ஆபீஸுக்கு விவரமா எழுதி குடுக்கணும். தேர்தல்ல ஜெயிச்சு வர்ற பதவின்னா முன் அனுமதி வாங்கணும். கம்பெனி சட்டத்துல பதிவான கம்பெனியோட நிர்வாகத்துல பங்கெடுக்கறதுக்கும் முன் அனுமதி வேணும், அது லாபம் பார்க்காத கம்பெனின்னு நீங்களே முடிவு பண்ணிக்க கூடாது. இப்ப புரியுதா அந்த டிஜிட்டல் சிக்னேச்சர் வரில நான் ஏன் நின்னேன்னு?

இன்னொன்னு, இத சொல்லாம விட முடியல. போன திருமண்டல எலெக்ஷன்ல உங்க அணிக்காக வீடு வீடா போய் ஓட்டு கேட்டேன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. நம்ம ஊர்ல சபை எலெக்ஷன் எப்படி நடக்கும்னு எனக்கும் தெரியும், வேன் என்ன, பிரியாணி என்ன, சட்டமன்றத் தேர்தல் தோத்துரும். ஆனா அதே 15ஆவது விதி, எந்த அமைப்போட தேர்தல் பதவிக்கும் முன் அனுமதி இல்லாம அடுத்தவங்களுக்காக ஓட்டு சேகரிக்கறதையும் தடுக்குது. நடந்தது நடந்து போச்சு, இப்ப போய் தோண்ட வேண்டாம், ஆனா இனிமே செய்யாதீங்க, முக்கியமா எதிர் அணிக்காரங்க கைல உங்க போட்டோவும் உங்க ஆபீஸ் அட்ரஸும் இருக்கறப்போ.

12ஆவது விதி நிதி திரட்டறது பத்தி. நீங்க காணிக்கை போடலாம், தசமபாகம் குடுக்கலாம், சங்கக் காணிக்கை கட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அனுமதி இல்லாம அடுத்தவங்ககிட்ட நன்கொடை கேக்கக் கூடாது, வசூல்ல பங்கெடுக்கவும் கூடாது. நிதிக் குழு மெம்பர்னா "கட்டட நிதிக்கு உங்க ஆபீஸ்ல நாலு பேருகிட்ட சொல்லுங்க"ன்னு ரசீது புக்க கைல குடுப்பாங்க. வாங்காதீங்க.

என் யோசனை, எந்த வகை பதவியா இருந்தாலும் முன் அனுமதி கேட்டே எழுதிருங்க. சபையோட நிதிக் குழு "தர்ம காரியம்"ங்கறதுக்குள்ள வருதா, "மத காரியம்"னு தள்ளிருவாங்களாங்கறது ஒவ்வொரு ஆபீசரும் ஒவ்வொரு மாதிரி படிப்பாங்க, அந்த வாதத்த ரிட்டயர்மென்ட் சமயத்துல வந்து பண்றத விட இப்ப ஒரு வெள்ளைத்தாள்ல முடிச்சுக்கறது நல்லது. (இத படிக்கற மத்தவங்களுக்கு: தமிழ்நாடு அரசு ஊழியர்னா 1973 நடத்தை விதிகள் தனி, பேங்க், பொதுத்துறைன்னா அவங்கவங்க விதி தனி, இத அப்படியே எடுத்துக்காதீங்க.)

வெளிநாட்டுப் பணம் வர்ற அமைப்பா?

தேசிய அளவு சபைன்னா அனேகமா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கும். உங்க அனுபவம் உண்மையாவே தேவைப்படற எடம் இது. 2020 செப்டம்பர்ல அந்த சட்டத்த நல்லா இறுக்கிட்டாங்க. வெளிநாட்டு நன்கொடை முதல்ல டெல்லில எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குல தான் வந்து விழணும். நிர்வாகச் செலவு முன்ன 50 சதவீதம் வரைக்கும் போகலாம், இப்ப 20 தான். எல்லாத்தவிட பெரிசு, வாங்கின பணத்த இன்னொரு அமைப்புக்கு மாத்தி விடக் கூடாது. தலைமை ஆபீஸ்ல வாங்கி திருமண்டலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிரிச்சு அனுப்பற பழக்கத்துலயே ஊறிப்போன பெரியவங்க கமிட்டில இருப்பாங்க, "காலங்காலமா இப்படித்தானேம்மா செய்யறோம்"னு சொல்வாங்க. அந்த திருமண்டலம் தனியா பதிவான அமைப்பா இருந்தா அப்படி செய்ய முடியாது. அதே சட்டத்தோட 39ஆம் பிரிவு, தப்பு நடந்தப்போ பொறுப்புல இருந்த ஒவ்வொருத்தரையும் சேர்க்குது, தனக்கு தெரியாம நடந்துச்சுன்னோ, தடுக்க தான் உரிய கவனம் எடுத்துக்கிட்டேன்னோ நிரூபிச்சா தான் தப்பிக்கலாம்.

அரசு ஊழியர் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாதுன்னு 3ஆம் பிரிவு சொல்றதால நீங்க கமிட்டிலயே இருக்க முடியாதுன்னு யாராவது பயமுறுத்தலாம். அமைப்பு வேற, தனி நபர் வேற, கமிட்டில உக்காரறது மட்டுமே தடை இல்ல. ஆனா எஃப்சிஆர்ஏ பேப்பர்ஸ்ல முக்கிய நிர்வாகின்னு உங்க பேரு ஏறக் கூடாது, அந்த பேங்க் கணக்குல நீங்க கையெழுத்து போடறவரா இருக்கக் கூடாது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், இருந்தாலும் கேட்டு வாங்கிக்கோங்க: உங்க நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் காசு எந்த கணக்குல இருந்து வருது? வெளிநாட்டுப் பண கணக்குல இருந்துன்னா வாங்காதீங்க, சொந்தக் காசுல போங்க. டிக்கெட்டுக்கு மேல சிட்டிங் பீஸ், கவர்னு ஏதாவது நீட்டினாலும் வேண்டாம், கௌரவப் பணிங்கற வார்த்தை தான் உங்களுக்கு பாதுகாப்பு.

வீட்டுக்காரர் வேலை, பாப்பா சீட்டு

கடிதத்துல இத ரெண்டே வரில எழுதியிருக்கீங்க, ஆனா நாலு பக்கமும் இதுக்குப் பயந்து தான் எழுதியிருக்கீங்கன்னு எனக்கு தோணுது. கமிட்டில கேள்வி கேட்டா அவர எங்கயாவது தூரத்து ஸ்கூலுக்கு மாத்திருவாங்களோ, வேண்டாம்னு சொன்னாலும் அதே நடக்குமோ. நடக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரே நிர்வாகத்துல பல ஸ்கூல் இருக்கற எடத்துல டிரான்ஸ்ஃபர் ஒரு ஆயுதம் தான். பழிவாங்கற மாறுதல்னா எதிர்த்துப் போக வழி இருக்கு, ஆனா அது மாசக்கணக்குல இழுக்கும், அதுவரைக்கும் அவர் விடிகாலைல பஸ் ஏறணும். இதுல சட்டத்த விட வீட்டுல பேசி முடிவெடுக்கறது தான் முக்கியம், அவர்கிட்ட மனசு விட்டு பேசினீங்களான்னு கடிதத்துல இல்ல. அவருக்கும் சேர்த்து நீங்களே பயந்துக்கிட்டு இருக்கீங்க. கேட்டுப் பாருங்க, "போனா போகட்டும், நீ கேளு"ன்னு சொல்ற ஆளாவும் இருக்கலாம்.

பாப்பா விஷயம் கொஞ்சம் நேராவே சொல்றேன். வேலூர் சிஎம்சி மாதிரி எடங்கள்ல சபைகளோட ஸ்பான்சர்ஷிப்ல சேர்ற பிள்ளைங்க, படிச்சு முடிச்சு மிஷன் ஆஸ்பத்திரில 2 வருஷம் வேலை பார்க்கறேன்னு எழுதிக் குடுத்து சேர்றாங்க, நல்ல ஏற்பாடு அது. நீங்க கமிட்டில இருந்தாலும் உங்க மகளுக்கு அப்ளை பண்ற உரிமை போயிராது. ஆனா ஸ்பான்சர்ஷிப் தேர்வு, நேர்காணல், பட்டியல் எதுலயும் நீங்க இருக்கக் கூடாது, "என் மகள் விண்ணப்பிக்கிறார், இது சம்பந்தமான எந்தப் பேச்சிலும் நான் கலந்துகொள்ள மாட்டேன்"னு முதல் மீட்டிங்லயே எழுதிக் குடுத்து மினிட்ஸ்ல ஏத்தணும். வீட்டுக்காரர் ஸ்கூல் சம்பந்தமா ஏதாவது வந்தாலும் இதே மாதிரி எழுந்து வெளிய போயிரணும். அப்படியும் சீட் கிடைச்சா "அம்மா கமிட்டில இருந்தாங்கல்ல"ன்னு ஊரு பேசும், அத எந்த மினிட்ஸும் தடுக்காது. அந்த பேச்ச பாப்பா தாங்குவாளான்னு உங்களுக்கு தான் தெரியும். நானா இருந்தா இந்த ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, அவ அட்மிஷன் முடிஞ்சதும் வர்றேன்னு சொல்வேன். இது வக்கீலா சொல்றது இல்ல, அம்மாவா சொல்றேன்.

சரின்னு சொல்றதுக்கு முன்னாடி

இதெல்லாம் படிச்சுட்டு ஓடிப்போயிராதீங்க. சிஎஸ்ஐல 1976லயே பெண்களுக்கு குருத்துவ அபிஷேகம் ஆயிருச்சு, 2013ல பெண் பேராயரும் வந்தாச்சு, ஆனா எந்த சபையா இருந்தாலும் பணத்த பத்தி பேசற மேசைக்கு வந்தா இன்னும் ஆம்பளைங்க தான் உக்காந்திருக்காங்க, நம்மள அசன கணக்கோட நிறுத்திருவாங்க. பெண் மெம்பர் ஒருத்தர் வேணுமேன்னு பேருக்கு உங்கள கூப்பிட்டிருக்கலாம். பேருக்கு கூப்பிட்ட எடத்துலயும் கணக்கு தெரிஞ்சவங்க போய் உக்காந்தா நடக்கற பேச்சு மாறும், நான் பார்த்திருக்கேன். தாலந்து உவமைய சொல்லி பயந்தீங்களே, அதே உவமைல எஜமான் திரும்பி வந்து கணக்கு கேக்கறான் சிஸ்டர், எழுத்துல கேட்டு வாங்கிட்டு உள்ள போறது விசுவாசக் குறைச்சல் ஆகாது.

ஐயர்கிட்ட வாயால சொல்லாதீங்க, அவர் நல்லவராவே இருக்கட்டும். தலைமை ஆபீஸ் செயலருக்கு மரியாதையா ஒரு கடிதம், ஈமெயில்லயும் ரிஜிஸ்டர் போஸ்ட்லயும். அதுல இதையெல்லாம் கேளுங்க:

- எந்த அமைப்பு, அதோட பதிவு எண், என் பதவி என்ன, நியமனமா தேர்தலா, எத்தனை வருஷம். டிஜிட்டல் சிக்னேச்சர் எதுக்கு.
- அந்த அமைப்போட சட்ட திட்டங்கள், அதுல நிதிக் குழுவோட அதிகாரம் என்னன்னு இருக்கற பக்கம்.
- கடைசி 3 வருஷ ஆடிட் ரிப்போர்ட், ஆடிட்டர் எழுதின குறைகளோட. எஃப்சிஆர்ஏ இருந்தா வருஷாந்திர ரிட்டர்ன்.
- நடப்புல இருக்கற கோர்ட் கேஸ், வருமான வரி நோட்டீஸ் பட்டியல்.

இதெல்லாம் குடுக்க தயங்கினா, அந்த தயக்கமே உங்களுக்கு பதில். குடுத்துட்டா ஒரு சனிக்கிழமை உக்காந்து படிங்க, உங்களுக்கு அது ரெண்டு மணி நேர வேலை.

ஒருவேளை போர்டுல தான் போடறாங்கன்னு தெரிஞ்சா இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிட்டு, "கையெழுத்து அதிகாரம் இல்லாத ஆலோசனை உறுப்பினரா வரேன்"னு கேட்டுப் பாருங்க. நிறைய பேருக்கு இப்படி ஒரு நடு வழி இருக்கறதே தெரியாது, ஒன்னு மாலை போட்டுக்கறது, இல்ல ஓடிப்போறதுன்னு இருக்காங்க. ஆலோசனை உறுப்பினரா உள்ள போய் ஒரு வருஷம் ஃபைல் எப்படி நகருதுன்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

போன பிறகு ஒரே ஒரு பழக்கம். மீட்டிங்ல ஒத்துக்காத விஷயத்துக்கு தலைய குனிஞ்சுக்கிட்டு பேசாம இருக்காதீங்க, "என் மறுப்ப பதிவு பண்ணுங்க"ன்னு சொல்லுங்க, மறுநாள் அதையே ஈமெயில்ல ரெண்டு வரி அனுப்பிருங்க, மினிட்ஸ் வந்ததும் அந்த வரி இருக்கான்னு பாருங்க. சண்டை போட வேண்டியதில்ல, குரல் உயர்த்த வேண்டியதில்ல. அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட இப்படி ஒரே ஒரு ஈமெயில் இருந்திருந்தா என் வேலை ஒரே வாய்தால முடிஞ்சிருக்கும்.

சபைல அறிவிச்சுட்டாங்களே, கை தட்டிட்டாங்களேன்னு தயங்காதீங்க. கை தட்டினது சம்மதம் ஆகாது, நீங்க எழுதிக் குடுத்தா தான் சம்மதம், இன்னும் குடுக்கல. ஐயர்கிட்ட "ஆபீஸ் பர்மிஷனுக்கு எழுதியிருக்கேன் ஐயா, அது வந்ததும் சொல்றேன்"னு சொல்லுங்க. அது பொய்யும் இல்ல, நீங்க நாளைக்கே எழுதிட்டீங்கன்னா.

தலைமை ஆபீஸ் பதில் வந்ததும் அந்த சம்மத கடிதத்தோட முழு காப்பிய எனக்கு அனுப்புங்க, வாட்ஸ்அப்ல பாதி பக்கம் தான் தெரியுது, கீழ ரெண்டு பத்தி வெட்டுப்பட்டிருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்காம மேற்கொண்டு நான் எதுவும் சொல்லக் கூடாது.